உர்நிகரின் பெயரில் புதைத்த கிடாய்

அமகினாவை நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த நல்ல மனசால் அவள் இழுத்து வைத்த வினை என்ன என்று இந்தச் சந்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

நிப்பூரில் படகுத்துறைக்கு இறங்குகிற சந்தில் எங்கள் இருவர் வீட்டுக்கும் ஒரே மண்சுவர். அவள் தும்மினால் என் பக்கத்தில் மண் உதிரும். அவள் இனன்னா கோயில் தறிக்கூடத்தில் கம்பளி நெய்கிறவள். புருஷன் உர்நிகர் படகுகளில் தண்ணீர் கசியாமல் கீல் பூசுகிறவன்; நகக்கண்ணில் கறுப்பு போகவே போகாது. சாப்பாட்டுப் பிரியன். துறையில் வேலை செய்துகொண்டே, வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று படகோட்டிகளிடம் பெருமை பேசுவான். நான் கெமெலம்மா. சாவு வீட்டில் அழுவது என் தொழில். கூலிக்கு மாரடிக்கிறவள் என்று சந்தில் சொல்வார்கள். சொல்லட்டுமே. பார்லிக் கள்ளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டுதானே மாரடிக்கிறேன்.

அமகினாவுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. துணியில் ஒரு நூல் பிசகியிருந்தால் முழங்கை நீளம் பிரித்துவிட்டு மறுபடி நெய்வாள். மேற்பார்வைக்காரி திட்டினாலும் பிரிப்பாள். வாசலுக்கு வந்த நாய்க்கு ஒருநாள் ரொட்டி போட்டால், அந்த நாய் சாகிறவரை போடுவாள். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

செத்தவர்களை நாங்கள் வீட்டுத் தரைக்கு அடியில்தான் வைக்கிறோம். மூலையில் ஒரு சுட்ட மண்குழாய் முழ உயரத்துக்கு எழுந்து நிற்கும். நிலா முழுக்க மறைகிற நாளில், பொழுது சாய்வதற்கு முன், அதில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். யார் பெயரைச் சொல்கிறோமோ அவர்கள் வாய்க்குத்தான் தண்ணீர் போகும். செத்தவர்கள் போய்ச் சேருகிற கீழூரில் சாப்பாடு என்றால் களிமண், குடிப்பதற்குப் புழுதி. பறவைகளைப் போல இறகு உடுத்தி இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மேலிருந்து இறங்கும் அந்த ஒரு வாய் தண்ணீர்தான் அவர்களுக்கு ருசி. நானெல்லாம் அப்பா, அம்மா என்று இரண்டு பெயரோடு குடத்தைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவேன். அமகினா பதினொரு பெயர் சொல்வாள். அதில் உர்நிகருடைய சித்தப்பாவின் முதல் பெண்டாட்டியும் ஒருத்தி. அவளை உர்நிகரே பார்த்ததில்லை.

"அவளுக்கும் தாகம் இருக்கும்லக்கா," என்பாள்.

ஒரு கோடையில் உர்நிகர் காய்ச்சலில் விழுந்தான். ஏழு நாள் கண் திறக்கவில்லை. எட்டாம் நாள் மந்திரம் ஓதுகிற ஷெஷ்கல்லா வந்தார். பாயைச் சுற்றி மாவு போட்டு, நெற்றியைத் தொட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"கீழூர் மகராசி பேரச் சொல்லிட்டா. சேவகனுங்க கிளம்பியாச்சு. வெறுங்கையோட திரும்ப மாட்டானுங்க," என்றார்.

"என்ன செய்யணும் சாமி?" என்றாள் அமகினா.

"ஒரு கிடாய்க்குட்டி புடிச்சிட்டு வா. இவனுக்குப் பதிலா அத அனுப்புவோம்."

இது எங்கள் பக்கம் நடக்கிற காரியம்தான். குட்டியை நோயாளியோடு ஒரே பாயில் படுக்க வைக்கவேண்டும். அவன் குல்லாவை அதன் தலையில் கட்டி, அவன் வேட்டியை அதன் இடுப்பில் சுற்றவேண்டும். சாயங்காலம் நோயாளியின் கழுத்தை மரக்கத்தியால் தொட்டுவிட்டு, குட்டியின் கழுத்தை வெண்கலக் கத்தியால் அறுக்கவேண்டும். பிறகு அதைக் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, நாணல் பாயில் சுற்றி, செத்தது அவன்தான் என்று ஊரே அழுது வீட்டுத் தரைக்கு அடியில் புதைக்கவேண்டும். கீழே இருப்பவர்கள் அதை நம்பவேண்டும்.

அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அழுக சுத்தமா இருக்கணும் கெமெலம்மா. கீழ இருக்கறவளுக்குக் காது ரொம்பக் கூர்மை," என்றார் ஷெஷ்கல்லா.

"என் அழுகையில கொற சொன்னவன் எவன் சாமி?"

உள்ளே போனேன். உர்நிகர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் குட்டி, குல்லாவோடு, கத்தாமல் அசையாமல் படுத்திருந்தது. பசி எடுத்தால் உர்நிகருக்கு இடது கண் லேசாகச் சுருங்கும். சந்தில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். நான் வாசற்படியைத் தாண்டியதும் அந்தக் குட்டி என்னைப் பார்த்து இடது கண்ணைச் சுருக்கியது. வெயிலில் வந்ததால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு அழுதது போல நான் முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை. உர்நிகரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும் அல்லவா? எத்தனை மீன் கொடுத்திருப்பான், எத்தனை தடவை என் கூரையில் கீல் பூசியிருப்பான்! ஒவ்வொன்றாகச் சொல்லி மாரடித்தேன். துறையிலிருந்து படகோட்டிகள் ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்தவர்களே நிஜமென்று நம்பி அழுதார்கள். ஒரு கட்டத்தில் அமகினா என் கையைப் பிடித்து, "அக்கா, அவரு உள்ளதான இருக்காரு?" என்று கேட்டாள். நானே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன்.

உர்நிகரோ மூன்று நாள் பேசக்கூடாது. உள் அறையில் படுத்தபடி, தன் சாவுக்கு ஊர் அழுவதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து வெங்காயம் போட்ட பருப்புக் கஞ்சி கேட்டான். காய்ச்சல் போய்விட்டது.

இங்கேயே விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அமகினா விடுகிறவளா?

அடுத்த மறைநிலா நாளில் அவள் குடத்தோடு குழாயருகே உட்கார்ந்தாள். பதினொரு பெயரையும் சொன்னாள். பிறகு குடத்தில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள். "நம்ம வீட்டு ஆம்பளைக்காகப் போன உசுரு. அதுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்தலன்னா நாமெல்லாம் மனுசங்களா?" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். குட்டியைப் புதைத்தது உர்நிகர் என்ற பெயரில். வேறு எந்தப் பெயரைச் சொல்லி அதைக் கூப்பிடுவது? பன்னிரண்டாவதாக, "உர்நிகர், வந்து குடி," என்று சொல்லி ஊற்றிவிட்டாள். அதன் பிறகு மாதாமாதம் ஊற்றினாள்.

மூன்றாவது மாதம் நான் நெருப்பு வாங்க அங்கே போயிருந்தேன். உர்நிகர் முற்றத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். உள்ளே அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாவது பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. என் எதிரே உர்நிகரின் தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது. மடக், மடக் என்று மூன்று வாய். உதட்டோரம் ஈரம் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு பூண்டை உரித்தான்.

"என்னடா குடிச்ச?" என்றேன்.

"என்னக்கா குடிச்சேன்? சும்மாதான இருக்கேன்."

அவன் கையில் பூண்டைத் தவிர ஒன்றும் இல்லை. நான் நெருப்பை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரத்திலேயே அவன் நாக்கில் புழுதி ஏறத் தொடங்கியது. "மீனா இது? மண்ணு திங்கற மாதிரி இருக்கு" என்று அவன் கத்துவது சுவர் வழியாகக் கேட்கும். கள்ளுக்கடைக்குப் போய் நாணல் குழலை வாயில் வைத்துவிட்டு, புழுதி என்று துப்பிவிட்டு வருவான். பேரீச்சம்பழமும் புழுதி, தேனும் புழுதி. சாப்பாட்டுக்காகவே பிறந்த மனிதன் அவன். கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதான். உடம்பு இளைத்தது. துறையில் ஒரு காயம் பட்டால் ஒரு மாதமானாலும் ஆறவில்லை. சந்து நாய்கள் அவனைப் பார்த்து வாலாட்டுவதை நிறுத்தின. குரைக்கவும் இல்லை. அங்கே யாரும் இல்லாதது போல அவனை உரசிக்கொண்டு போயின.

ஒரு காலையில் அமகினா முறத்தில் எதையோ மூடி எடுத்துக்கொண்டு குப்பைக்குழிக்குப் போனாள். நான் விலக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பிஞ்சு இறகுகள், ஒரு கைப்பிடி இருக்கும்.

"வாத்தறுத்தீங்களா?"

"அவரு பாயில கெடந்துச்சுக்கா," என்றாள். "தெனம் கெடக்கு."

அன்று மத்தியானம், உர்நிகர் துறையில் இருக்கும்போது, நானும் அவளும் அந்தக் குழாயில் காதை வைத்துக் கேட்டோம். கீழே எங்கோ ஆழத்தில் அசைபோடுகிற சத்தம் கேட்டது. நிதானமாக, வயிறு நிறைந்த மிருகம் அசைபோடுவது போலக் கேட்டது. பிறகு அது இருமியது. உர்நிகரின் இருமல் அது. காலையில் முகம் கழுவும்போது தொண்டையைச் செருமுவானே, அதே இருமல்.

உடனே ஷெஷ்கல்லாவிடம் ஓடினோம். அமகினா நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் வாய் திறந்துகொண்டே போயிற்று.

"ஆட்டுக்குத் தண்ணி ஊத்துனியா?"

"ஆமா சாமி."

"ஆட்டுக்கு எவளாச்சும் தண்ணி ஊத்துவாளா? இதையெல்லாமா ஒருத்தன் சொல்லித் தரணும்? முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், செத்த குட்டிய யாரும் திரும்பிக்கூடப் பாத்ததில்ல!"

"எங்களுக்காகச் செத்துச்சு சாமி."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்சம் அடங்கிய பிறகு சொன்னார்: "கீழ இப்ப உர்நிகர்னு ஒருத்தன் கொழுத்துப்போயி உக்காந்திருக்கான். நீ ஊத்த ஊத்த, மேல இருக்கறவன் கரைஞ்சு அதோட போய்ச் சேருவான்."

"அப்ப இன்னியோட நிறுத்திடறேன்."

"நிறுத்துனா குட்டிக்குத் தாகம் எடுக்கும். கத்தும். ஆடு கத்தற சத்தத்தக் கேட்டா கீழூர் வாசல் காவக்காரன் சும்மா இருப்பானா? ஏமாத்திட்டாங்கன்னு அன்னிக்கே ஆளனுப்பி நெசமான உர்நிகரத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"வேற பேரச் சொல்லி ஊத்துனா?" என்று நான் கேட்டேன்.

"ஆடுதானே, எந்தப் பேரச் சொன்னாலும் தண்ணிக்கு வரும். ஆனா செத்தவங்க பேரச் சொன்னா அவங்க குடிச்சிடுவாங்க. இல்லாத பேரச் சொன்னா மண்ணு குடிச்சிடும். உசுரோட இருக்கறவங்க பேரத்தான் சொல்லணும். எவன் பேரோ அவன் நாக்குல புழுதி ஏறும். அதுவும் அவங்களா மனசு வெச்சுத் தரணும், திருடிச் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். நாணல் நன்றாக வேய்ந்திருந்தது.

திரும்பும் வழியில் அமகினா கடைத்தெருவில் பூண்டுத்தாள் விலை பேசினாள், முற்றல் என்று திருப்பிக் கொடுத்தாள், வேறு கட்டு வாங்கினாள். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. என்னை அவள் கேட்டுவிடுவாளோ என்று வழியெல்லாம் இரண்டு எட்டு பின்தங்கியே நடந்தேன்.

அடுத்த மறைநிலா நாள் வந்து போனது. மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் உர்நிகர் கூத்தாடினான்.

"அடியே! வெங்காயம்டி! வெங்காயம் வெங்காயமா இருக்குடி!"

நான் அவிழ்ந்த கூந்தலோடு ஓடினேன். அவன் சுட்ட மீனை இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தான். அமகினா அடுப்பருகே ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். வாயில் கம்பளியைத் திணித்து வைத்தது போல மென்றாள். அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"யார் பேரச் சொன்ன?"

"விடுங்கக்கா."

"யார் பேரடி சொன்ன?"

"அவருக்குச் சாப்பாடுதான் உலகம். எனக்கு எப்பவும் பசி பெருசா கெடையாது. உங்களுக்குத்தான் தெரியுமே." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவருகிட்ட சொல்லிராதீங்க. நம்ம இனன்னா தாயி மேல ஆணை."

நான் சொல்லவில்லை. ஆணைக்குக் கட்டுப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கவேண்டாம். யார் தலையிலோ விழுந்தது, என் தலையில் விழவில்லை என்ற நிம்மதி. எட்டு மாதம் அப்படியே இருந்தேன். அவள் கன்னம் ஒட்டிப்போனது. தறிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவள், அமகினா வந்திருக்கிறாளா என்று அமகினாவிடமே கேட்டாளாம். அவள் ரொட்டி போட்டு வளர்த்த நாய், அவள் கையில் இருந்த ரொட்டியை முகர்ந்துவிட்டு, ஆளைக் காணோமே என்பது போலச் சந்தைப் பார்த்தது. உர்நிகர் மட்டும் தொப்பை போட்டான். புருஷன்களுக்குக் கண் எங்கே இருக்கிறது?

நாக்கில் ருசி இல்லாதவள் எப்படிச் சமைப்பாள்? கை போன போக்கில் உப்பைப் போடுவாள். ஒரு சாயங்காலம் கிண்ணத்தைத் தரையில் குத்துகிற சத்தம் கேட்டது.

"உப்ப அள்ளிக் கொட்டி வெச்சிருக்க! தெனமும் இதே கூத்து! ஒனக்கென்ன நாக்கு செத்துப்போச்சா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனேன். வாசலில் நின்றபடியே கத்தினேன்.

"ஆமாடா! செத்துத்தான் போச்சு! எட்டு மாசமாச்சு! நீ திங்கற ஒவ்வொரு வாயும் அவ நாக்குலேர்ந்து புடுங்கித் திங்கறது!"

அமகினா முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். நான் முடித்ததும், உர்நிகர் தள்ளி வைத்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். அந்த உப்புக் கஞ்சியைக் கடைசி வழிப்பு வரை தின்றான். மேலே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்த மறைநிலா நாளில் அவர்கள் வீட்டில் நடந்த சண்டை துறை வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது குடத்தின் ஒரு காதை அவன் பிடித்திருந்தான், இன்னொரு காதை அவள் பிடித்திருந்தாள்.

"என் பேர்ல பொதச்ச குட்டிடி அது! நீ யாரு நடுவுல?"

"தண்ணி காட்டிப் பழக்குனது நான்! என்னோடது!"

"விடுடி கொடத்த!"

"நீங்க விடுங்க! மொத தடவ பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுக்கறீங்க, அதுவும் இதுக்கா?"

குடம் உடைந்தது. இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கீழேயிருந்து குழாய் வழியாக ஒரு சின்னக் கனைப்பு வந்தது. தாகத்தில் குட்டி கத்துவதற்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்துகொள்கிற சத்தம். நான்தான் என் வீட்டுக் குடத்தைக் கொண்டு வந்தேன். உர்நிகர் அதைப் பிடுங்கி, தன் பெயரைச் சொல்லி ஊற்றினான். அவள் குழாயின் வாயைப் பொத்தப் பார்த்தாள், விரலிடுக்கில் தண்ணீர் இறங்கிவிட்டது.

"அடுத்த மாசம் நீ ஊத்திக்க," என்றான் அவன், மூச்சு வாங்க. "ஒரு மாசம் நான், ஒரு மாசம் நீ. எவ்வளவு நாள் ஓடுமோ ஓடட்டும்."

அப்படியே ஆயிற்று. ஐந்து வருடம் ஓடியது. ருசி இருக்கிறவர் அந்த மாதம் சமைக்கவேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. வெங்காயம் கருகுகிற நாற்றம் வந்தால் இந்த மாதம் தண்ணீர் அமகினா பெயரில் போயிருக்கிறது, உர்நிகர் மேலே இருக்கிறான், அமகினா கீழே என்று நான் தெரிந்துகொள்வேன். கீழே இருக்கிறவரை நாய்கள் பார்க்காது. பாயில் இறகு கிடக்கும். மற்றவர் கூட்டிப் பெருக்குவார். அந்த மாதத்தில் பட்ட காயம் ஆறாது, வந்த நோயும் போகாது. மாதம் மாறினால் ஆள் திரும்பிவிடுவார். ஷெஷ்கல்லாவிடம் சொன்னதற்கு, இப்படி ஒரு குடித்தனத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். ஆனால் ஒன்று: இந்த ஐந்து வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரு சாப்பாட்டை ருசித்ததில்லை. ஒருவர் தின்பதை மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். எப்படி இருக்கிறது, சொல்லு, சொல்லு என்று கேட்பார். தின்கிறவர் ஒவ்வொரு வாயையும் விவரித்துச் சொல்வார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அதைக் கேட்டுக்கொண்டே என் கஞ்சியைக் குடிப்பேன்.

இந்த வருடம் அறுவடை மாதம் அமகினாவின் முறை. குளிரில் பிடித்த இருமலோடு கீழே போனாள். மாதம் முழுக்க இருமல் இறங்கவில்லை, கோழையில் இரத்தம் வந்தது. அதே மாதக் கடைசியில் துறையில் கொதிக்கிற கீல் சட்டி கவிழ்ந்து உர்நிகரின் வலது கால் முழங்கால் வரை வெந்துபோனது. வருகிற மாதம் அவன் முறை. வெந்த காலோடு அவன் போனால் புண் ஆறாது, அழுகிவிடும். அவள் மறுபடி போனால் அந்த நெஞ்சு இன்னொரு மாதம் தாங்காது. பார்த்தாலே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் அரசர் ஆள் துறைப் படிக்கட்டில் நின்று கூவினான். பயிர் விளைவதற்குள் நிலாக்கணக்கில் மாதம் முந்திப் போய்விட்டதாம். இந்த வருடம் அறுவடை மாதம் இரண்டு தடவை வருமாம்.

மறைநிலா நாள் மத்தியானத்திலேயே முற்றத்தில் சண்டை தொடங்கிவிட்டது.

"அறுவட மாசம் என்னோடது. அதே மாசம் திரும்ப வருது, அப்ப அதுவும் என்னோடது," என்றாள் அமகினா, இருமலுக்கு நடுவே.

"அறிவிருக்காடி? ஒனக்கப்புறம் நான். முறைன்னா முறை."

"அந்தக் கால வெச்சுக்கிட்டு முறை பேசாதீங்க."

"இந்த நெஞ்ச வெச்சுக்கிட்டு நீ பேசறியே?"

நான் அவர்கள் வீட்டுக்குள்ளேதான் இருந்தேன், அவன் புண்ணுக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டு. நிரப்பி வைத்த குடம் குழாயருகே இருந்தது. அந்த மாதம் யாருடைய முறையும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கணக்கில் வராமல், அரசர் வாயால் பிறந்த மாதம். அன்றைக்கு நான் அவ்வளவு நன்றாக அழாமல் இருந்திருந்தால் கீழே அவ்வளவு உறுதியாக நம்பியிருப்பார்களா என்றும் தோன்றியது. இந்த ஐந்து வருடத்தில் அது தோன்றாத நாளே இல்லை.

குழாயருகே மண்டியிட்டேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

"கெமெலம்மா," என்றேன். "வந்து குடி."

ஊற்றினேன். தரைக்கு அடியில், என் முழங்காலுக்கு நேர் கீழே, குளம்பு வைத்து ஓடி வருகிற சத்தம் கேட்டது. சின்னக் குளம்புகள். என் வாய் தண்ணீரால் நிறைந்தது. குளிர்ந்த தண்ணீர், ஆட்டுப்பால் வாசனையோடு. மூன்று வாய் விழுங்கினேன். நான்காவது வாய்க்கு நாக்கை நீட்டியபோது புழுதிதான் இருந்தது. பல்லிடுக்கில் அது நறநறத்தது.

திரும்பினேன். அமகினா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், காலிக் குடத்தைப் பார்த்தாள்.

நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். பொழுது இறங்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம். பிறகு உர்நிகர் சிரித்தான், அவளும் சிரித்தாள், ஒரே சமயத்தில். இருவருமே எப்படி இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் யாரோ அழுதார்கள். அழுதது அவனா அவளா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கேற்றுவதற்கு முன் அமகினா கிண்ணத்தோடு வந்தாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து அவளைப் பார்த்து வாலாட்டியது. என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் என் முன்னால் உட்கார்ந்து கிண்ணத்தை வைத்தாள். பூண்டுத்தாள் போட்ட ஆற்றுமீன். முழு மீனாக இல்லாமல் உதிர்த்து வைத்திருந்தது.

"ஏண்டி இப்படிப் பிசைஞ்சு கொண்டாந்திருக்க?" என்றேன்.

"முள்ள எடுத்துட்டேன்க்கா," என்றாள். "இந்த மாசம் உங்க வாய்க்கு முள்ளு தெரியாது."